பொருநைக் கரையும் நீலகிரி வைத்தியர்களும்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் வரை தாமிரபரணி ஓடும் தூரம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். அத்தூரத்தை நதியின் போக்கிலேயே பேருந்தில் கடந்து வருபவர், மனிதரைக் காண்பதற்குச் சமமாக வாயில்லா ஜீவன்களையும் காண்பார். பாபநாசத்தில் படித்துறைக் குரங்குகள். அம்பாசமுத்திரத்து வயல்களில் அறுவடை முடிந்ததும் வந்து இறங்கும் வாத்துக் கூட்டம். சேரன்மகாதேவிக்கு அருகே கழுத்தளவு நீரில் கிடக்கும் எருமைகள். கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற பத்தமடையில் தறி வைத்திருக்கும் வீட்டுத் திண்ணையோரம் கட்டிய வெள்ளாடு. உரத்துக்காக வயலில் கிடை போட்டிருக்கும் செம்மறி மந்தைகளோ வழிநெடுகிலும் உண்டு. இந்த ஆற்றுப் படுகையின் செழுமையில் பாதி இந்த நான்கு கால் உழைப்பாளிகளின் கொடை. நோயுற்றால் இவற்றைப் பார்ப்பவர் யார் என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்வழியே பயணம் செய்தேன்.

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து ஆற்றைக் கடக்கும் பாலம், 1843-ஆம் ஆண்டில் சுலோசன முதலியார் என்னும் பெருமகனார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஊருக்காகக் கட்டிக் கொடுத்தது. யாரும் கேட்டு அவர் கொடுக்கவில்லை. பாலத்தைக் கடந்து கொக்கிரகுளம் வழியே தெற்கே திரும்பினால் மேலப்பாளையம். நம் சமுதாயத்தார் பெருந்திரளாக வாழும் இவ்வூரின் கால்நடைச் சந்தை தென்மாவட்டங்கள் முழுவதும் பெயர் பெற்றது. செவ்வாய்க்கிழமை வைகறையில், சுப்ஹுத் தொழுகை முடிந்து வெளியே வரும்போதே, ஆடுகளின் குரல் தெருவெங்கும் கேட்கத் தொடங்கிவிடும். முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும் கரிய கன்னி ஆடு, நெடிய கால்களுடைய கொடி ஆடு, உடலெங்கும் பொட்டுப் பொட்டாக நிறம் தெறித்த வேம்பூர்ச் செம்மறி, கரிசல் காட்டிலிருந்து வரும் கீழக்கரிசல் செம்மறி என்று நம் மண்ணுக்கே உரிய இனங்களை ஒரே திடலில் காண வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் இங்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது. அப்போது நம்மவர் ஆடு பார்க்கும் முறையைக் கவனிக்க வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். கண்ணில் பூ விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். குருடும் நொண்டியும் நோயுற்றதும் எலும்பும் தோலுமாய் மெலிந்ததும் குர்பானிக்கு ஆகாது என்பது மார்க்கச் சட்டமாதலால், பத்து வயதுப் பையன்கூட ஆட்டின் குறையைக் கண்டுபிடித்துவிடுவான். குறை கண்டு ஒதுக்கப்பட்ட ஆடு அதன் பிறகு எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

சந்தை ஓரத்தில் அப்படி ஒதுக்கப்பட்ட இரண்டு செம்மறிகளோடு ஒரு கீதாரி அமர்ந்திருந்தார். ஒன்றின் குளம்பில் புண். மற்றொன்றின் மூக்கில் சளி ஒழுகிக் காய்ந்திருந்தது.

"அண்ணாச்சி, டாக்டரிடம் காட்டவில்லையா?" என்று கேட்டேன்.

"ஆடு ஒரு எடத்துல கெடந்தாத்தான பாய் ஆசுபத்திரி? எங்க ஆடு இன்னைக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு. மந்தைய விட்டுட்டு நான் எங்க போயி டாக்டரத் தேட?" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. அரசாங்கம் ஊர்தோறும் கால்நடை மருந்தகம் வைத்திருக்கிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடும் தமிழகத்தில் செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் மந்தையோடு நகர்ந்துகொண்டே இருப்பவனுக்கும் மருந்துக்கும் இடையே தூரம் இருக்கத்தான் செய்கிறது. இந்த மந்தைக்காவது விலை என்று ஒன்று உண்டு. ஆகவே அதைக் காப்பாற்ற ஒருவன் முயல்வான். விலையே இல்லாத விலங்குகளின் கதி? கூனிப்போன பொதி கழுதை, கால் உடைந்த குதிரை, எல்லாவற்றுக்கும் மேலாக நம் தெருமுனையில் படுத்திருக்கும் நாய். உரிமையாளர் இல்லாத இந்த ஜீவன்களுக்காகவே உலகெங்கும் தரும ஸ்தாபனங்கள் தோன்றின. அந்த ஸ்தாபனங்களுக்குத் தம் கைத்திறனைக் கூலி வாங்காமல் தரக் கடல் கடந்து வரும் கால்நடை மருத்துவர்களும் இருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலேயே அவர்கள் வந்து வேலை செய்யும் இடம் நீலகிரி. பொருநைக் கரையிலிருந்து அதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நாய் என்றதும் நம் வீடுகளில் ஒரு தயக்கம் எழும். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணிட்டு, கழுவச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. அதே மார்க்கத்தில்தான், தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறிவந்த மனிதனின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள் மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, முதுமையாலோ நோயாலோ பயன்படாமற் போன விலங்குக்கும் உணவளிப்பது கடமை என்றே எழுதினார். வயது முதிர்ந்த குதிரைகள் மேய்வதற்கென்று டமாஸ்கஸ் நகரில் ஒரு புல்வெளியே வக்ஃபு செய்யப்பட்டிருந்ததாக சிரிய அறிஞர் முஸ்தஃபா ஸிபாயி குறிப்பிடுகிறார். கால்நடை மருத்துவனுக்கு அரபியில் 'பைத்தார்' என்று பெயர். மூலிகை நூலால் உலகப் புகழ் பெற்று 1248-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தாரின் பெயருக்குக் 'கால்நடை வைத்தியரின் மகன்' என்பதே பொருள். ஆக, இந்தத் தொழிலும் இந்தத் தருமமும் நமக்குப் புதியவை அல்ல. கைவிட்டுப் போனவை என்று சொல்லலாம்.

கைவிட்டதற்கு விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வெறிநாய்க்கடியால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியர் என்றும் அது கணக்கிட்டிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் பின்னர் வீடு வீடாக விசாரித்து நடத்திய ஆய்வு இந்திய எண்ணிக்கையை ஆண்டுக்குச் சுமார் 5,700 என்று குறைத்துக் காட்டியது. எண்ணிக்கை எதுவாயினும், இறப்பவர்களில் குழந்தைகள் மிகுதி. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதும், கடித்த உடனே முறையாகச் சிகிச்சை பெற்றால் சாவை முற்றிலும் தடுத்துவிடலாம் என்பதும் சேர்ந்தே இருப்பதுதான் இந்நோயின் கொடுமை. நம் பகுதிகளில் இன்றும் கடிவாயில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் காப்பித் தூளும் வைத்துக் கட்டும் பாட்டிமார் இருக்கிறார்கள். தாய்மார்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: கடிபட்ட இடத்தைச் சோப்பு போட்டு, ஓடுகிற நீரில் 15 நிமிடம் கழுவுவதே முதல் மருந்து. எச்சில் பட்ட பாத்திரத்தை அத்தனை கவனமாகக் கழுவப் பழகிய வீடுகளுக்கு இது கடினமானதல்ல. அதன் பிறகு அரசு மருத்துவமனை, தடுப்பூசி, காயம் ஆழமானால் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரத ஊசியும்.

பெரியவர்கள் 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்று சொல்லக் கேட்டிருப்போம். அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் நிறுத்தப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தென்னிந்தியாவுக்கு அதைத் தயாரித்துத் தந்த இடம் நீலகிரியிலுள்ள குன்னூர். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அச்சாவு எழுப்பிய துயரமும் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர்ந்து 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. மனிதனுக்கு ஊசி போட்டு அவனைக் காப்பது அந்நிலையத்தின் வழி. நாய்க்கே ஊசி போட்டு மனிதனைக் காப்பது இன்னொரு வழி. அந்த இரண்டாவது வழியைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அதே நீலகிரியில், உதகைப் பக்கத்தில், நூறாண்டு கழித்து அமைந்தது.

பிரிட்டனைச் சேர்ந்த லூக் கேம்பிள் என்ற கால்நடை மருத்துவர் 2003-இல் 'வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ்' என்ற தரும அமைப்பைத் தொடங்கினார். விலங்குகளைப் பேணும் சிறு சிறு ஸ்தாபனங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு மனமும் இடமும் உண்டு, மருத்துவர் இல்லை. மருத்துவர்களையும் மாணவர்களையும் மருந்துப் பெட்டிகளையும் அங்கே அனுப்பி வைப்பதே இவ்வமைப்பின் வேலை. முதுமலைக் காட்டோரம் மசினகுடிப் பகுதியில், நைஜல் ஆட்டர் என்ற ஆங்கிலேயர் முன்னின்று நடத்திய 'ஐபேன்' என்னும் விலங்குநல அமைப்பு முன்பே பணியாற்றி வந்தது. காட்டை ஒட்டிய ஊர்களில் நாய்களின் நோய் காட்டு விலங்குகளுக்கும் பரவும். ஆகவே அங்கு இப்பணிக்கு இரட்டைப் பயன். அத்தொடர்பின் வழியாகவே உதகையில் சர்வதேசப் பயிற்சி மையம் உருவாயிற்று. பின்லாந்திலிருந்து வந்த டாக்டர் இலோனா ஆட்டர் அங்கே பயிற்சிப் பொறுப்பில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்.

மையத்தில் நடப்பது என்ன? பிடித்து வரப்படும் தெருநாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காயம் ஆறியதும் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். இதை மேற்பார்வையில் செய்து பழகுவதே பாடம். ஒரு வகுப்பு ஏறத்தாழ இரண்டு வாரம். ஒரே மேசையைச் சுற்றி வெளிநாட்டு மாணவரும் இந்திய மருத்துவரும் நிற்கிறார்கள். பிரிட்டனில் தெருநாய் என்பதே அபூர்வம். அங்கே படிக்கும் மாணவருக்கு அறுவை செய்து கை பழக வாய்ப்புக் குறைவு. நம் கல்லூரிகளிலோ பாடம் பெரும்பாலும் பசுவையும் எருமையையும் ஆட்டையும் சுற்றியே இருக்கும். பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் பலருக்குப் பெட்டை நாய் ஒன்றின் கருப்பையைத் தனியாக அகற்றிய அனுபவம் இராது. சிறிய கீறல், கரைந்துபோகும் தையல் நூல், வலி நீக்கும் மருந்து, கருவிகளைக் கொதிகலனில் தூய்மை செய்தல், ஒவ்வொரு நாய்க்கும் தனிக் குறிப்பேடு என்று அனைத்தும் ஒழுங்காக நடந்தால்தான் அந்த நாய் தெருவில் பிழைக்கும். ஒழுங்கு தவறினால், ஏழைத் தெருவின் நாய் ஏழு நாளில் சீழ் பிடித்துச் சாகும், கேட்பார் இல்லை.

இங்கே பொருளாதாரமும் கவனிக்கத்தக்கது. வெளிநாட்டிலிருந்து வருபவர் தம் விமானச் செலவைத் தாமே ஏற்று, பயிற்சிக்குக் கட்டணமும் செலுத்துகிறார். அந்தப் பணம் மருந்தாகவும் நாய்களின் உணவாகவும் உள்ளூர்ப் பணியாளரின் சம்பளமாகவும் மாறுகிறது. தொண்டு செய்ய வருபவனிடமே காசு வாங்குவதா என்று முதலில் கேட்டபோது எனக்கும் விநோதமாகத்தான் பட்டது. யோசித்தால், வந்தவர் பெற்றுச் செல்வதும் குறைவன்று. தம் ஊரில் ஓராண்டில் கிடைக்காத கைப்பழக்கம் அவருக்கு இரண்டு வாரத்தில் கிடைக்கிறது. எனவே இதை முழுத் தியாகம் என்று தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. இரு தரப்பும் ஆதாயம் பெறும் நல்ல ஏற்பாடு என்று சொன்னால் போதும்.

இத்தகைய ஏற்பாட்டின் மூத்த வடிவத்தை ஒரு முஸ்லிம் நகரத்தில் காணலாம். மொராக்கோ நாட்டின் ஃபெஸ் மாநகரில், பழைய நகரின் சந்துகளில் மோட்டார் வண்டி நுழையாது. தோலும் செங்கலும் எரிவாயு உருளையும் கழுதை மீதும் கோவேறு கழுதை மீதும்தான் போகின்றன. சுமையால் முதுகு புண்ணான இவ்விலங்குகளுக்கு இலவசச் சிகிச்சை தர 1927-இல் அமெரிக்கர்கள் சிலர் அங்கே ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். 'ஃபுந்துக்' என்பது வணிகரும் அவர்தம் வாகன விலங்குகளும் தங்கும் சத்திரம். அந்தப் பெயரையே வைத்து 'அமெரிக்கன் ஃபோன்டூக்' என்றார்கள். பல நாட்டுக் கால்நடை மாணவர்கள் அங்கே வந்து பயின்று செல்கிறார்கள். கெய்ரோவில் டோரதி புரூக் என்ற பெண்மணி, முதல் உலகப் போருக்குப் பின் கைவிடப்பட்டுக் கூலி வண்டிகளில் நொந்துகொண்டிருந்த போர்க் குதிரைகளைக் கண்டு மனம் இரங்கி, 1934-இல் அமைத்த மருத்துவமனையும் இவ்வகையே. அவர் பெயரால் விளங்கும் அமைப்பு இந்தியாவில் செங்கற்சூளைக் கழுதைகளுக்கும் வண்டிக் குதிரைகளுக்கும் இன்று பணி செய்கிறது. நம் பாளையங்கோட்டைச் சாலைகளில் குதிரை வண்டி ஓடிய காலத்தில் இப்படி ஒரு மருத்துவமனை இருந்திருந்தால் எத்தனை குதிரைகள் நிம்மதியாகப் படுத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

இந்தியாவில் வெளிநாட்டார் தொண்டு கண்ட பெரும்பலன் இரண்டு இடங்களில் தெரிகிறது. ஒன்று ஜெய்ப்பூர். கிரிஸ்டல் ராஜர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1980-இல் அங்கே நிறுவிய 'ஹெல்ப் இன் சஃபரிங்', 1994 முதல் தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யத் தொடங்கியது. எட்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 நாய்கள். பணி நடந்த பகுதியில் மனிதருக்கு வெறிநோய் வருவது நின்றுபோயிற்று என்று அங்குப் பணியாற்றிய மருத்துவர்கள் 2006-இல் எழுதினார்கள்.

மற்றது கோவா. 2013-இல் லூக் கேம்பிள் 'மிஷன் ரேபிஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் கோவா அரசும் அவ்வியக்கமும் கைகோத்தன. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஆண்டுதோறும் ஊசி போட்டுவிட்டால் நோய் தொடர்ந்து பரவ வழியின்றி அறுந்துவிடும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. ஆகவே அங்கே தெருத் தெருவாகச் சென்றார்கள். கைக்கு வரும் நாயைக் கையால் பிடிப்பர். வராததை வலைவீசிப் பிடிப்பர். ஊசி போட்டு, நிறக் குறியிட்டு, அங்கேயே விட்டுவிடுவர். எந்தத் தெருவில் எத்தனை நாய் என்று கைபேசியில் உடனுக்குடன் பதிவு. ஒரு குழு நாய் பிடிக்கும்போது மற்றொரு குழு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்: உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டியோடிருக்கும் நாயையும் நெருங்காதே, துரத்தினால் ஓடாதே, கடித்தால் வீட்டில் மறைக்காதே. 2018, 2019, 2020 ஆகிய மூன்றாண்டுகளில் கோவாவில் நாய்வழி வெறிநோயால் ஒருவரும் இறக்கவில்லை. 2021-இல் அது வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. தொண்டர்கள் பல நாட்டினர். ஆனால் ஆண்டு முழுதும் வலை பிடித்தவர்கள் இந்தியத் தொழிலாளர்கள், பணத்தில் பெரும்பங்கை மாநில அரசும் ஏற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுத் தொண்டு எல்லாம் இப்படி அமைவதில்லை. குட்டி நாயோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரும் உண்டு. மொழி தெரியாமல், வெயில் தாங்காமல், மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கில் படுத்துவிடுவோரும் உண்டு. இந்தியாவில் இங்குப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே தொழில் நடத்தலாம் என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எனவே எவ்வளவு பெரிய நிபுணராயினும் வெளியிலிருந்து வருபவர் உள்ளூர் மருத்துவரின் பொறுப்பில் நின்றே செய்ய வேண்டும். இது அவமதிப்பு அன்று. விமானம் ஏறிச் சென்றவரை, தையல் பிரிந்த நாய்க்காகத் திரும்ப அழைக்க முடியாதே! என் கண்ணுக்கு நீலகிரி ஏற்பாடு சிறந்து தெரிவதற்குக் காரணம், அங்கே வந்த அந்நியர் செய்த அறுவைகள் அல்ல. அவ்வறுவைகளைத் தம் ஊரிலும் செய்யவல்ல இந்திய மருத்துவர்கள் அங்கிருந்து வெளிவந்தது.

இனி பொருநைக்குத் திரும்பலாம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் 2012-இல் தொடங்கப்பட்டன. சென்னையில் 1903-இல் பிறந்த கல்லூரியின் தங்கை என்று சொல்லலாம். அதுவரை நம் வட்டாரத்துப் பிள்ளை கால்நடை மருத்துவம் படிக்கச் சென்னைக்கோ நாமக்கல்லுக்கோ போக வேண்டியிருந்தது. இன்று மேலப்பாளையத்துச் சந்தைக்கும் அக்கல்லூரிக்கும் இடையே ஒரு நகரப் பேருந்துப் பயணம்தான். நம் பெண்மக்களும் இப்படிப்பை நாடலாம். வெளியூர் விடுதியில் விட மனமில்லாத பெற்றோருக்கு அருகிலேயே கல்லூரி வந்திருப்பது ஒரு வாய்ப்பு. நீலகிரியைப் பற்றி இங்கே எழுதுவதற்கு நான் குறிப்பிட்ட காரணம் இதுவே. உதகைக்கு வெளிநாட்டார் கொண்டுவந்த பயிற்சி, தன் பக்கத்திலேயே கல்லூரியும் சந்தையும் தெருநாய்களும் கிடை ஆடுகளும் ஒருசேர இருக்கிற இந்தப் பள்ளத்தாக்கில் வேரூன்றத் தக்கது. தொண்டர் லண்டனிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. இராமையன்பட்டியிலிருந்து வந்தாலும் நாய்க்கு ஒன்றுதான், கீதாரிக்கும் ஒன்றுதான்.

தேவை எவ்வளவு என்பதை 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் கண்ணீரோடு கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நடுவழியில் சிக்கினர். ஏரலும் ஆத்தூரும் தீவுகளாயின. மனிதர்களை மாடிகளுக்கு ஏற்றினோம். கொட்டிலில் கட்டிய கயிற்றை அவிழ்க்க நேரமின்றி எத்தனை பசுக்கள், எத்தனை ஆடுகள்! வெள்ளம் வடிந்த பிறகு வாழை மட்டைகளுக்கிடையே அவை கிடந்த காட்சியைத் தாமிரபரணிக் கரையார் மறக்கமாட்டார்கள். தப்பிய விலங்குகளுக்கு அதன்பின் சேற்றால் குளம்பு அழுகல், நனைந்த தீவனத்தால் வயிற்று உபாதை, தொண்டை அடைப்பான் என்று வரிசையாக ஆபத்துகள். அத்தகைய வேளையில் ஒரு மாவட்டத்து மருத்துவர்கள் மட்டும் போதமாட்டார்கள். பயிற்சி பெற்று, பெயர் பதிவு செய்து, அழைத்த அன்றே மருந்துப் பெட்டியோடு புறப்படக்கூடிய தொண்டர் படை ஒன்று முன்கூட்டியே இருந்தாக வேண்டும். வெளிநாட்டு அமைப்புகளிடம் நாம் கற்க வேண்டிய முதல் பாடமும் இந்த முன்னேற்பாடே.

நம் முஹல்லாக்களைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். இறைச்சிக் கடைக் கழிவையும் பெருநாள் கழிவையும் தெருமுனையில் எறிகிறோம். குழி தோண்டிப் புதைக்கச் சோம்பிய அக்கழிவே நாய்க் கூட்டத்தை வளர்க்கிறது. பிறகு பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் போகும் பிள்ளைகளை அவை துரத்துகின்றன என்று மனுக் கொடுக்கிறோம். நாயை அடித்துக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்று பேசுவோரும் உண்டு. உணவு கிடக்கும் தெருவில் ஒரு நாய் போனால், ஊசி போடாத வேறொரு நாய் அந்த இடத்தைப் பிடிக்கும். உச்ச நீதிமன்றமும் தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க 2025 ஆகஸ்ட் 11-இல் ஆணையிட்டு, ஆகஸ்ட் 22-இல் அதைத் திருத்தி, கருத்தடையும் ஊசியும் போட்ட பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற அந்த ஆண்டு நவம்பரில் வேறோர் ஆணையும் பிறந்தது.

கருத்தடை செய்த நாயை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அதன் ஒரு காது நுனியில் சிறு துண்டு வெட்டப்பட்டிருக்கும். மயக்கத்தில் இருக்கும்போதே செய்வதால் அதற்கு வலி தெரியாது. வாசகப் பெருமக்கள் மாலையில் தம் தெருவில் நடந்து செல்லும்போது, நாயைத் தொடாமல், தூரத்திலிருந்தே காதை மட்டும் கவனிக்கலாம். எத்தனை நாய், அவற்றில் காது வெட்டியவை எத்தனை, குட்டி போட்டவை எத்தனை என்று எழுதிவைத்தால், தடுப்பூசிக் குழு வரும்போது அதைவிடப் பயனுள்ள உதவி வேறில்லை. நாயை வளர்க்காத தெருக்களில், எந்த நாய் எங்கே உறங்குகிறது என்று சொல்ல ஆளில்லாமல்தான் வலைக்காரர்கள் திண்டாடுகிறார்கள்.

லூயி பாஸ்டர் மறைந்த நாளான செப்டம்பர் 28-ஐ உலக வெறிநோய் தடுப்பு தினமாக அனுசரிக்கிறார்கள். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுவது வழக்கம். முகாம் நடக்கும் நாளையும் இடத்தையும் முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்க ஜமாஅத் நிர்வாகிகள் முன்வரலாம். மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை, கடையநல்லூர், காயல்பட்டினம் ஆகிய ஊர்களில் அந்த ஒலிபெருக்கி எட்டாத வீடு இல்லை.